லூப்பைப் பரலலாக்க முன் பார்க்க வேண்டியது

யாழ்ப்பாணத்தில் இறுதியாண்டு புரொஜெக்ட் செய்யும் பிள்ளைகளுக்கு: சி++ லூப் (ஒரே கட்டளைகளைச் சுற்றுச் சுற்றாகத் திரும்ப ஓட்டும் பகுதி) மெதுவாக ஓடுகிறது என்றவுடன் அதற்கு மேல் ஓபன்எம்பியின் ‘பரலல் ஃபோர்’ வரியைப் போட்டுவிடாதீர்கள். அந்த வரி, லூப்பின் சுற்றுகளை ஒரே நேரத்தில் ஓடும் பல திரெட்டுகளுக்கு, அதாவது வேலை இழைகளுக்கு, பிரித்துக் கொடுக்கும். ஒரு சுற்று இன்னொரு சுற்றின் விடையை எதிர்பார்க்கிறதா என்று முதலில் பாருங்கள். வலிகாமத்துக் கிணறுகளின் தரவை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிணற்றுக்கும் தனித்தனியே நைத்திரேற்றுச் சராசரி என்றால் தாராளமாகப் பிரிக்கலாம். நேற்றைய நீர்மட்டத்தை வைத்து இன்றையதைக் கணிப்பதென்றால் நாள்களைப் பிரிக்க முடியாது. வெளி லூப் கிணறுகளுக்கு, உள் லூப் நாள்களுக்கு என்று எழுதி, கிணறுகளைப் பிரியுங்கள், அதாவது வெளி லூப்பை.

எல்லாவற்றையும் ஒரே மாறியில் கூட்டுகிற இடம்தான் ஆபத்தானது. இரண்டு திரெட்டுகள் ஒரே நேரத்தில் பழைய தொகையை வாசித்துத் தங்கள் விடையை எழுதினால் ஒன்று தொலைந்துபோகும். பிழைச்செய்தி எதுவும் வராது, விடை மட்டும் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். அங்கே கட்டாயம் ‘ரிடக்‌ஷன்’ போடுங்கள்: ஒவ்வொரு திரெட்டும் தனியே கூட்டி, கடைசியில் ஒன்றுசேர்க்கும். தசம எண்களில் கூட்டும் வரிசை மாறுவதால் கடைசி இலக்கங்கள் சற்று வேறுபடலாம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

சரி, ஒன்றுமே வேகமாகவில்லையா? ஜிசிசி கொம்பைலரில் ஓபன்எம்பி தெரிவைக் கொடுக்காமல் கொம்பைல் செய்தால் ‘பரலல் ஃபோர்’ வரி கணக்கில் எடுக்கப்படாது, லூப் பழையபடியே ஓடும்.