கீலேயாத்தின் பெண்களைப் படிப்பது எப்படி? ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலை ஆராய ஒரு வழிகாட்டி

மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ (1985) பற்றி எழுதும்போது எளிதில் நேரும் பிழை ஒன்று உண்டு. “இந்த நாட்டில் பெண்கள் ஒடுக்கப்படுகிறார்கள்” என்று சொல்லி, சிவப்பு உடையை வர்ணித்து, அத்தோடு நிறுத்திவிடுவது. அது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும் செய்தி. அந்த ஒடுக்குமுறை அன்றாடம் யார் கையால் நடக்கிறது, எந்தச் சலுகையால் ஓடுகிறது என்பதுதான் கேள்வி. கீலேயாத் என்ற அந்தக் கற்பனைக் குடியரசு, ஒரு பெண் முன்பு தானே வாழ்ந்த வாழ்க்கையைத் துண்டுபோட்டுத் துண்டுக்கு ஒருத்தி என்று பங்கு வைக்கிறது. சமைக்க ஒருத்தி (மார்த்தாள்), கணவனுக்குப் பக்கத்தில் உட்கார ஒருத்தி (மனைவி), பிள்ளை பெற ஒருத்தி (ஹேண்ட்மெய்ட்), அடித்துப் பழக்க ஒருத்தி (ஆன்ட்). இந்தப் பங்கீட்டைப் பிரித்தெடுக்கும் முறையைத்தான் கீழே தருகிறோம்.

பெயர்களை முதலில் முடிவு செய்யுங்கள்

தமிழில் எழுதுபவர் இடறும் முதல் இடம் இதுதான். நாவலின் பெயர்களில் பல விவிலியப் பெயர்கள். கீலேயாத், ராகேல், லேயாள், மார்த்தாள், யேசபேல் ஆகியவற்றைத் தமிழ் விவிலிய வடிவிலேயே எழுதினால் வாசகருக்கு மூலக்கதை உடனே நினைவுக்கு வரும். ஆனால் ‘ஆன்ட்’ என்பதை ‘அத்தை’ என்று மாற்றாதீர்கள். நம் வழக்கில் அத்தை அப்பாவின் சகோதரி, பல வீடுகளில் மாமியாரும் அவளே. அந்த உறவுச் சுமையெல்லாம் கதைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். ‘ஆன்ட் லிடியா’ என்றே விடுங்கள். கதைசொல்லியான ஹேண்ட்மெய்டின் பெயர் ‘ஆஃப்ஃப்ரெட்’, அவள் இருக்கும் வீட்டின் தலைவனான கமாண்டர் ஃப்ரெடுக்கு உரியவள் என்று பொருள்படுவது. தமிழ் எழுத்தில் அந்த உடைமைப் பொருள் மறைந்துபோகும், ஆகவே முதல்முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கட்டாயம். அவள் வேறு வீட்டுக்கு மாற்றப்பட்டால் இந்தப் பெயர் அடுத்து வருபவளுக்குப் போகும். அவளோடு கடைக்குப் போகும் ஹேண்ட்மெய்டான ஆஃப்க்ளென் மறைந்த பின் இன்னொரு பெண் வந்து, தானே ஆஃப்க்ளென் என்று சொல்லி நிற்கும் காட்சியை இதோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாசிப்பு

நாவலில் 15 பகுதிகள், 46 அத்தியாயங்கள், இறுதியில் ‘வரலாற்றுக் குறிப்புகள்’. நாளுக்கு மூன்று அத்தியாயம் என்றால் 16 நாளில் முடியும். முதல் வாசிப்பில் குறிப்பு எடுக்க வேண்டாம், கதை மனதில் நிற்கட்டும்.

இரண்டாவது வாசிப்புக்கு முன் பகுதித் தலைப்புகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒற்றைப்படைப் பகுதிகளில் ஏழுக்கு ‘இரவு’ என்றே தலைப்பு, ஐந்தாவதற்கு மட்டும் பகல் தூக்கம். இரட்டைப்படைப் பகுதிகளின் தலைப்புகள் கடை, காத்திருப்பு, வீடு, பிரசவ நாள் என்று போகும். அரசு கதைசொல்லிக்கு ஒதுக்கிய கடமைகள் பகலில் நடக்கின்றன. இரவு அவளுடையது, மகளும் கணவன் லூக்கும் தாயும் அங்கேதான் திரும்பி வருகிறார்கள். மேற்கோள் எடுக்கும்போது அது பகலா இரவா என்று ஓரத்தில் குறியுங்கள். இரவில் அவள் சொல்லும் ஒன்றைப் பகல் சடங்குக்குச் சான்றாக வைத்தால் வாதம் குழம்பும்.

அட்டவணை

ஒரு பெரிய தாளில் ஆறு பத்திகள் கீறுங்கள்: உடையின் நிறம், சுமத்தப்பட்ட வேலை, பறிக்கப்பட்டது, கொடுக்கப்பட்ட சலுகை, காட்டப்படும் மிரட்டல், யார்மீது கசப்பு. வரிசைகள் ஏழு: மனைவி (நீலம்), ஹேண்ட்மெய்ட் (சிவப்பு), மார்த்தாள் (மங்கிய பச்சை), ஆன்ட் (பழுப்பு), எக்கனோவைஃப், யேசபேல் என்ற அதிகாரிகளின் இரகசிய விடுதிப் பெண், ‘பெண்ணல்லாதவள்’ என்று முத்திரை குத்தப்பட்டு, நச்சுக் கழிவு அள்ளும் காலனிகளுக்கு அனுப்பப்படுபவள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அத்தியாய எண் இருக்க வேண்டும். எண் கிடைக்காத கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஊகத்தால் நிரப்ப வேண்டாம்.

நான்காவது பத்திதான் வழக்கமாகக் காலியாகக் கிடக்கும். அதைத் தேடி நிரப்புங்கள், அங்கேதான் இயந்திரம் இருக்கிறது. பிள்ளை பெற்ற ஹேண்ட்மெய்டை ஒருபோதும் காலனிக்கு அனுப்பமாட்டார்கள். அது சலுகை. மார்த்தாளுக்குச் சமையலறை, கூரை, வயிற்றுக்குச் சோறு. ஆன்ட்களுக்கு அதிகாரம். பிள்ளையில்லாத, மணமாகாத, வயதான பெண்களுக்கு அந்தப் பதவி காலனியிலிருந்து தப்பும் வழி என்பதை இறுதிக் குறிப்புகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. அவர்கள் கையில் மாடுகளுக்குப் பயன்படும் மின்கோல் உண்டு, துப்பாக்கி கிடையாது. துப்பாக்கியை நம்பித் தரும் அளவுக்கு அரசு எந்தப் பெண்ணையும் நம்பவில்லை. இந்த ஒரு விவரம் பத்து பக்க விளக்கத்துக்குச் சமம்.

கமாண்டரின் மனைவியான செரீனா ஜாயின் வரிசையை மாதிரியாக நிரப்பிப் பாருங்கள். முன்பு தொலைக்காட்சியில் பக்திப் பாடல் பாடியவள். பிறகு பெண்கள் வீட்டோடு இருக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவள். இப்போது அவள் சொன்னது அப்படியே அவளுக்கு நடந்துவிட்டது: மேடை போயிற்று, தோட்டமும் பின்னல் ஊசியும் மிச்சம். சலுகை: வீட்டில் அவள் சொல்தான் செல்லும். கசப்பு: ஹேண்ட்மெய்ட் மீது. அவளைக் கொடுமைக்காரி என்று மட்டும் எழுதினால் பாதி விட்டுப்போகும், பாவம் என்று மட்டும் எழுதினாலும் அப்படியே. பிள்ளைக்காகக் கமாண்டர் ஹேண்ட்மெய்டோடு உறவுகொள்ளும் சடங்கில், அந்த ஹேண்ட்மெய்டின் கைகளைப் பற்றிக்கொண்டு பின்னால் அமர்ந்திருப்பவள் அவள்தான். அந்த நிலை எங்கிருந்து வந்தது என்று அறிய ஆதியாகமம் 30:1-3ஐ ஆங்கில கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் பாருங்கள். பிள்ளையில்லாத ராகேல் தன் பணிப்பெண் பில்காளைக் கணவனிடம் அனுப்பி, அவள் தன் முழங்கால்கள் மேல் பெறுவாள் என்கிறாள். கீலேயாத் அந்தச் சொல்லைச் சொல்லாகவே எடுத்து, கட்டில்மேல் நடத்திக் காட்டுகிறது.

எக்கனோவைஃப் வரிசையை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். ஏழை வீட்டு மனைவியான அவளுடைய உடையில் சிவப்பு, நீலம், பச்சை மூன்றும் கோடுகளாக ஓடும். மற்ற மூவரும் பிரித்துச் செய்வதை அவள் ஒருத்தியே செய்கிறாள். பங்கீடு மேல்தட்டுக்கு மட்டுமானது என்பதை ஒரு துணித் துண்டு சொல்லிவிடுகிறது.

பறிப்பின் வரிசை

தனித்தாளில் எது எதற்குப் பின் போனது என்று எழுதுங்கள். அமெரிக்க அதிபர் கொல்லப்படுகிறார், நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள், அரசியல் சாசனம் நிறுத்திவைக்கப்படுகிறது, செய்தித்தாள்களுக்குத் தணிக்கை. அதன்பின் ஒரே நாளில் பெண்களின் வங்கிக் கணக்குகள் முடங்குகின்றன, வேலை போகிறது, பணம் கணவனுக்கோ நெருங்கிய ஆண் உறவினருக்கோ மாறுகிறது. கணக்குகளில் பெண் என்ற குறி இருந்ததால்தான் அது ஒரு நாளில் முடிந்தது. உடல்மீது கைவைப்பதற்கு முன்னரே பணத்தின்மீது கைவைத்தார்கள். தான் பார்த்துக்கொள்வதாக லூக் அன்போடு சொல்லும் இடத்தையும் இங்கே சேருங்கள். அவன் கெட்டவன் இல்லை, ஆனாலும் அந்த நாளில் அவன் இழந்தது எதுவுமில்லை.

அடுத்து எழுத்து. கடைப் பலகைகளில் சொற்களுக்குப் பதில் படங்கள், பணத்துக்குப் பதில் படம் போட்ட வில்லைகள். படிக்கத் தடை ஏன் இவ்வளவு கடுமை என்பதற்கு விடை ஹேண்ட்மெய்ட்களைப் பழக்கும் பயிற்சி மையத்தில் இருக்கிறது. மௌனமாயிருப்பவர்கள் பாக்கியவான்கள் என்ற வசனம் அங்கே ஒலிக்கிறது. அது புனைந்தது என்று கதைசொல்லிக்குத் தெரியும், புரட்டிச் சரிபார்க்க வழியில்லை. திறமைக்கேற்ப வாங்கி, தேவைக்கேற்பக் கொடு என்ற மார்க்ஸின் வாசகமும் விவிலியத் தூதர் பவுலின் பெயரால் ஓதப்படுகிறது. அதில் கொடுப்பது அவள், பெறுவது அவன். தமிழில் ‘அவரவர்’ என்று மொழிபெயர்த்தால் மோசடி மறைந்துபோகும். ‘அவளவள் திறமைக்கேற்ப, அவனவன் தேவைக்கேற்ப’ என்று பால்காட்டியே எழுதுங்கள்.

வரலாற்றோடு ஒப்பிடும்போது

வரலாற்றில் ஏற்கெனவே நடக்காத எதையும் இந்நாவலில் சேர்க்கவில்லை என்று அட்வுட் சொல்லியிருக்கிறார். ஆகவே உணர்ச்சி ஒற்றுமையை விட்டுவிட்டுச் செயல்முறை ஒற்றுமையைத் தேடுங்கள். அடிமைப் பெண்ணின் பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்ற வர்ஜீனியாவின் 1662 சட்டம், அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தண்டித்த தென் கரோலினாவின் 1740 சட்டம், பெரும்பாலான கருக்கலைப்புகளைக் குற்றமாக்கி 1989 வரை நீடித்த ருமேனியாவின் 1966ஆம் ஆண்டின் 770ஆம் ஆணை, அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சி (1976–83) சிறைப்பட்ட தாய்மாரிடமிருந்து பிடுங்கி வேறு குடும்பங்களுக்குக் கொடுத்த குழந்தைகள். ஒரு கட்டுரைக்கு இவற்றில் இரண்டு போதும், நான்கையும் அடுக்கினால் பட்டியலாகிவிடும்.

முதல் இரண்டைத் தேர்ந்தால் ஒரு கடினமான கேள்வியை எதிர்கொள்ள வேண்டும். கறுப்பினப் பெண்கள் அனுபவித்ததை வெள்ளைப் பெண்ணின் கதையாக்கி, கறுப்பினத்தவரை ‘காமின் பிள்ளைகள்’ (விவிலியத்தில் நோவாவின் மகன் காமின் வழியினர்) என்ற பெயரில் ஓரிரு வரியில் நாடுகடத்திவிடுகிறது நாவல் என்ற விமர்சனம் வலுவானது. அதைத் தவிர்க்காமல் ஒரு பத்தியாவது எழுதுங்கள்.

எதிர்நிலை ஒப்பீடு வேண்டுமென்றால் வங்க எழுத்தாளர் பேகம் ரொக்கையாவின் ‘சுல்தானாவின் கனவு’ இருக்கிறது. 1905இல் மெட்ராஸிலிருந்து வந்த ‘தி இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில் வெளியான கதை. அங்கே ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் ஆட்சியில். அதே ஆறு பத்திகளை அந்த ஆண்களுக்கு நிரப்பிப் பாருங்கள்.

அடிக்கடி நேரும் பிழைகள்

கதைசொல்லியை ‘ஜூன்’ என்று எழுதுவது. அது 2017இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரின் பெயர், நாவலில் அவள் உண்மைப் பெயர் சொல்லப்படுவதே இல்லை. தொடரில் செரீனா இளம்பெண், நாவலில் மூட்டுவலியோடு கைத்தடி ஊன்றி நடப்பவள். இரண்டையும் கலக்காதீர்கள்.

சடங்கை வன்புணர்வு என்று சொல்ல முடியாது, கொஞ்சம் தேர்வு இருந்தது என்று அவள் சொல்வதை ஆசிரியரின் தீர்ப்பாக எடுப்பது இன்னொரு பிழை. மறுத்தால் காலனி, அங்கே நச்சுக் கழிவு. அந்தத் தேர்வின் விலையை அட்டவணையின் ஐந்தாவது பத்தியில் இருந்து எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

‘வரலாற்றுக் குறிப்புகளை’ப் பின்னிணைப்பு என்று தள்ளிவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய இழப்பு. 2195 ஜூன் 25 அன்று நடக்கும் கருத்தரங்கில் பேராசிரியர் பியெக்ஸோட்டோ அவளுடைய ஒலிநாடாக்களைப் பற்றிப் பேசுகிறார், நூல் தலைப்பை வைத்துக் கொச்சையாகச் சிலேடை பேசுகிறார், அந்தக் கமாண்டர் யாராக இருந்திருக்கலாம் என்று வெகுநேரம் ஆராய்கிறார். உங்கள் வரைவு முடிந்ததும் கமாண்டரைப் பற்றி எத்தனை வரி, ரீட்டா, கோரா என்ற இரு மார்த்தாள்களைப் பற்றி எத்தனை வரி என்று எண்ணுங்கள். முன்னது கூடுதல் என்றால் அட்டவணைக்குத் திரும்பி மூன்றாவது வரிசையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.