டீசல் லோகோவின் இழுவையை நீங்களே கணக்குப் போடுவது எப்படி?

ஒரு தாளும் பேனாவும் போதும். கணக்குக்கு டபிள்யூடிஎம்-2 ரகத்தை எடுத்துக்கொள்வோம். 1962இல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து வந்து, பிறகு வாரணாசியில் இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டு, நம்ம பொன்மலை, ஈரோடு ஷெட்களிலிருந்து பல வருடம் ஓடிய அதே வண்டிதான். இந்திய ரயிலில் இவ்வளவு உழைத்த டீசல் லோகோ வேறு இல்லை என்பேன்.

படி 1: சக்தி போகும் வழி

உள்ளே இருப்பது 16 சிலிண்டர் டர்போ எஞ்சின், 2600 குதிரைத்திறன். ஆனால் அதற்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. டீசல் எஞ்சின் ஓரளவு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பலம், நின்ற நிலையிலிருந்து இழுக்காது, பஸ்ஸில் கிளட்சும் கியரும் இருப்பது அதனால்தான். இங்கே அந்த வேலையை மின்சாரம் செய்கிறது: எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றும், அந்த மின்சாரம் அச்சுக்கு ஒன்றாக, சக்கரத்தைச் சுழற்றும் ஆறு டிராக்‌ஷன் மோட்டார்களுக்குப் போகும். மோட்டாருக்கோ நின்ற இடத்தில்தான் முறுக்கு அதிகம்.

படி 2: தண்டவாளத்துக்கு எவ்வளவு வரும்?

ஒரு குதிரைத்திறன் 746 வாட். 2600ஐப் பெருக்கினால் சுமார் 1940 கிலோவாட். விசிறி, கம்ப்ரசர், மோட்டார் சூடு என்று கொஞ்சம் போய்விடும்; தோராயமாக 80 சதவீதம் சக்கரத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால் 1550 கிலோவாட்.

படி 3: வேகத்தால் வகுங்கள்

இழுவிசை என்பது சக்தியை வேகத்தால் வகுத்தது. மணிக்கு 36 கி.மீ. என்றால் வினாடிக்கு 10 மீட்டர், ஆகவே 155 கிலோநியூட்டன்; அதை 9.8ஆல் வகுத்தால் 16 டன் எடைக்குச் சமமான இழுப்பு. 72 கி.மீ.யில் அதே எட்டாவது நாட்ச் (டிரைவர் கைப்பிடியின் கடைசிப் படி, முழு சக்தி), அதே எஞ்சின் இரைச்சல், இழுப்பு மட்டும் 8 டன். ஏற்றத்தில் சரக்கு வண்டி வேகம் குறைந்து ஊர்ந்தாலும் நிற்காமல் ஏறுகிறதே, காரணம் இதுதான்: வேகம் குறையக் குறைய இழுப்பு கூடுகிறது.

படி 4: கிளம்பும்போது

சரி, வேகம் பூஜ்யத்தை நெருங்கினால்? சூத்திரப்படி இழுப்பு எல்லையில்லாமல் ஏறும், நிஜத்தில் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் இங்கே லோகோவின் எடைதான் பேசும். 112.8 டன்னை 0.27 என்ற உராய்வுக் கெழுவால் பெருக்குங்கள், சுமார் 30 டன். எத்தனை குதிரைத்திறன் கூட்டினாலும் கிளம்பும் நேரத்தில் இதற்கு மேல் கிடைக்காது, ஈரத் தண்டவாளத்தில் இன்னும் குறையும். சக்கரத்தடியில் மணல் தூவுவது இந்த உராய்வைக் கூட்டத்தான்.

1999 முதல் வந்த டபிள்யூடிஜி-4 என்ற சரக்கு லோகோ எனக்கு வியப்பைத் தருவது இங்கேதான். எடை 126 டன், கொஞ்சம்தான் அதிகம், ஆனால் மூன்று கட்ட ஏசி மோட்டார்களும் வழுக்கலை நொடிக்கு நொடி கவனிக்கும் கம்ப்யூட்டரும் சேர்ந்து 50 டன்னுக்கு மேல் இழுக்க வைக்கின்றன.

இப்போது நீங்கள் போட்டுப் பாருங்கள்: டபிள்யூடிஜி-4, 4000 குதிரைத்திறன், 36 கி.மீ. வேகம். விடை 24 டன் பக்கம் வர வேண்டும். ஏழு டன் வந்தால் கி.மீ.யை 3.6ஆல் வகுக்காமல் விட்டிருப்பீர்கள்.