அடுப்புச் சுவர் டைல்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு: ஊற வைத்து எடுக்கும் முறை

தாளிக்கும்போது தெறிக்கிற எண்ணெயை அன்றே துடைத்தால் ஈரத்துணி போதும். விட்டுவிட்டால் சூட்டிலும் காற்றிலும் இறுகி, மஞ்சளாகப் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் கைதான் வலிக்கும். ஊற வைத்தால் தானாக இளகிவிடும்.

1. அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு ஆற விடுங்கள். மிக்ஸிக்கான பிளக் பாயின்ட் பெரும்பாலும் அந்தச் சுவரில்தான் இருக்கும், மெயினையும் அணைத்துவிடுங்கள்.

2. கை பொறுக்கும் சூட்டில் அரை லிட்டர் தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு ஸ்பூன், சமையல் சோடா இரண்டு ஸ்பூன் கலந்துகொள்ளுங்கள். பழைய துண்டை அதில் நனைத்து, லேசாகப் பிழிந்து, பிசுக்கின் மேல் அப்படியே ஒட்டி வையுங்கள். பத்து நிமிடம் போதும், ஆனால் துணி காயக் கூடாது.

3. இப்போது ஸ்பாஞ்சால் துடையுங்கள். விரலால் தள்ளினாலே பிசுக்கு சுருண்டு வரும். வராத இடத்தில் துண்டை மறுபடி ஒட்டுங்கள். கம்பி நார் மட்டும் வேண்டாம். டைல்ஸின் பளபளப்பில் கீறல் விழுந்தால் அடுத்த அழுக்கு அங்கேதான் சேரும்.

4. கவனம் அதிகம் தேவைப்படுவது டைல்ஸ் இடுக்குகளில். சாதாரண வெள்ளை சிமென்ட் பூச்சு எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சிக்கொள்ளும். சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து இடுக்கில் தடவி, பத்து நிமிடம் கழித்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள்.

எலுமிச்சை, வினிகர், பாத்ரூம் ஆசிட் எதையும் இந்த இடுக்கில் ஊற்றாதீர்கள். சிமென்டில் உள்ள சுண்ணாம்பை அமிலம் அரித்துவிடும்; பூச்சு சொரசொரப்பாகி முன்பைவிட வேகமாகக் கறை பிடிக்கும். மார்பிள் பதித்த சுவருக்கும் இதே கதிதான். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் விஷவாயு வரும், இது விளையாட்டல்ல.

5. சுத்தமான தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடையுங்கள், இல்லையென்றால் சோடா வெள்ளையாகப் படியும். பிறகு காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

பூரி, வடை சுட்ட நாளில் சுவர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஒரு முறை துடைத்துவிடுங்கள். புதிதாக டைல்ஸ் ஒட்டப் போகிறவர்கள் அடுப்புப் பக்கத்துக்காவது இடுக்கில் சிமென்டுக்குப் பதிலாக எபாக்சி க்ரவுட் (பிசின் வகைப் பூச்சு) போடச் சொல்லுங்கள். விலை கூடத்தான், ஆனால் அது எண்ணெயை உறிஞ்சாது.