விலைக்கு ஒரு பக்கம், செய்முறைக்கு ஒரு பக்கம்
காரைக்குடியில் நாங்கள் நடத்தும் ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் டைல்ஸ்) வியாபாரத்தின் இணையதளத்தில் எல்லாப் பக்கங்களையும் ஒரே வார்ப்பில் எழுதி வைத்திருந்ததால், கூகுள் தேடலில் ஒன்றுகூட முன்னுக்கு வரவில்லை. பிறகு ஒவ்வொரு தேடுசொல்லையும் தனித்தனியே இட்டு, முன்னால் நின்ற பக்கங்களைத் திறந்து படித்தேன். ‘ஆத்தங்குடி டைல்ஸ் விலை’ என்பதற்குச் சதுர அடிக் கணக்கும் அளவுகளும் கொண்ட சிறு பக்கங்களே நின்றன. நானோ அங்கே செட்டிநாட்டு வரலாற்றை அளந்துகொண்டிருந்தேன். அதை வெட்டிவிட்டு விலைப்பட்டியலை மேலே ஏற்றினேன். ‘செய்முறை’ என்ற சொல்லுக்குப் போட்டிப் பக்கங்கள் மேலோட்டமாக இருந்தமையால், கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவது முதல், சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைப்பது வரை பட்டறைப் படங்களோடு விரித்தெழுதினேன். விலைப் பக்கம் சில வாரங்களில் முன்னுக்கு வந்தது. செய்முறைப் பக்கம் மெல்லத்தான் ஏறுகிறது.