மின்வண்டி சார்ஜிங்: கார்டு தொட்டதிலிருந்து பில் வரும் வரை

கும்பகோணம் – தஞ்சாவூர் சாலையில் எங்கள் சித்தப்பா மெஸ் நடத்துகிறார். வாசலில் இரண்டு சார்ஜர் போட்டிருக்கிறோம். பகலில் நவக்கிரகக் கோயில்கள் சுற்ற வரும் வெளியூர்க் கார்கள், ராத்திரியில் உள்ளூர் மின் ஆட்டோக்கள். சார்ஜர் மாட்டியது ஒரு நாள் வேலைதான். யார் ஏற்றினார், எவ்வளவு ஏறியது, பணம் யார் தர வேண்டும் என்ற கணக்கைச் சரிப்படுத்தத்தான் மாதக்கணக்கில் ஆனது. புதிதாகத் தொடங்குபவர்கள் அந்த அலைச்சல் படாமல் இருக்க, வரிசையாகச் சொல்கிறேன்.

ஒரு விஷயம் முதலிலேயே. சார்ஜ் ஏற்றித் தருவது மின்சார விற்பனை அல்ல, சேவை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்திவிட்டது. அதனால் மின்சாரம் விற்கும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் பில்லில் 18 சதவீதம் சேர்க்க வேண்டும்.

படி 1: சார்ஜரையும் சர்வரையும் பேச வைப்பது

சார்ஜர் வாங்கும்போதே "ஓசிபிபி 1.6 ஜேசன் உண்டா?" என்று கேளுங்கள். சார்ஜரும், கணக்கை வைத்திருக்கும் கணினியான சர்வரும் பேசிக்கொள்ளும் பொதுமொழி அது (OCPP 1.6 JSON). கம்பெனியின் சொந்த ஆப் மட்டும்தான் ஓடும் என்றால் உங்கள் கணக்கு நோட்டு அவர்கள் கையில் இருக்கும். நான் வாங்க மாட்டேன்.

சர்வர் பக்கம், பழகிப் பார்க்க 'ஸ்டீவ்' போதும். ஜெர்மனியின் ஆகன் நகரப் பல்கலைக்கழகத்தில் பிறந்த இலவச மென்பொருள். சார்ஜரின் அடையாள எண்ணை அதில் பதிந்து, சர்வர் முகவரியைச் சார்ஜரின் அமைப்புகளில் கொடுக்க வேண்டும். அந்த முகவரி 'டபிள்யூஎஸ்எஸ்' (wss) என்று தொடங்கட்டும். கடைசி எஸ் இல்லாவிட்டால் கார்டு எண் உட்பட எல்லாமே வழியில் யாரும் படிக்கும்படி போகும். கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றி, ஒவ்வொரு சார்ஜருக்கும் தனிப் பாஸ்வேர்டு வையுங்கள்.

படி 2: உள்ளூர்க்காரர்களுக்குக் கார்டு

தினமும் வரும் ஆட்டோக்காரர்களுக்கு, சார்ஜரில் தொட்டால் தன் எண்ணைச் சொல்லும் ஆர்எஃப்ஐடி கார்டு கொடுத்தோம். மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி, மாதக் கடைசியில் பணம். கார்டைத் தொட்டதும் சார்ஜர் அதன் எண்ணைச் சர்வருக்கு அனுப்பும். ஏற்கலாம், தடுக்கப்பட்டது, காலாவதி, செல்லாது, ஏற்கனவே வேறு இடத்தில் ஓடுகிறது என்ற ஐந்தில் ஒரு பதில் வரும்.

கார்டை மட்டும் நம்ப முடியாது. மைஃபேர் கிளாசிக் என்ற மலிவான வகைக் கார்டின் பூட்டை 2008லேயே ஆராய்ச்சியாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். பல சார்ஜர்கள் கார்டின் வரிசை எண்ணை மட்டுமே படிக்கின்றன. அந்த எண்ணை இன்னொரு கார்டில் ஏற்றுவது பெரிய காரியமில்லை. அதனால் மூன்று ஏற்பாடு செய்தோம். ஒரு கார்டுக்கு ஒரே நேரத்தில் ஒரு சார்ஜ்தான். ஒரு நாளைக்கு இவ்வளவு யூனிட் என்று வரம்பு. சார்ஜ் தொடங்கியதும் கார்டுக்காரர் போனுக்கு எஸ்எம்எஸ். திருட்டுக் கார்டை முதலில் கண்டுபிடிப்பது அந்த எஸ்எம்எஸ்தான்.

படி 3: வழிப்போக்கர்களுக்கு யுபிஐ

ஒரு கோயிலுக்கும் அடுத்த கோயிலுக்கும் நடுவே அரை மணி நேரம் நிற்பவரிடம் ஆப் இறக்கச் சொல்லக் கூடாது. சார்ஜரில் கியூஆர் ஒட்டுங்கள். அது நேராக யுபிஐக்குப் போகாமல் உங்கள் வலைப்பக்கத்துக்குப் போகட்டும். அங்கே தொகையைப் போட்டுப் பணம் கட்டுவார். பணம் வந்ததை, உங்களுக்காக வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வே உங்கள் சர்வருக்குச் சொல்லும். அதை அனுப்பியது கேட்வேதான் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே சார்ஜருக்குத் தொடங்கு என்ற கட்டளை போக வேண்டும். போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து யாரும் கையால் திறந்துவிடக் கூடாது; சித்தப்பாவின் இளகிய மனசுக்கு இதைப் புரியவைக்கத்தான் பாடுபட்டேன்.

ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டளையோடு, கார்டு எண்ணுக்குப் பதிலாக 20 எழுத்துக்குள் ஒரு புதிய தற்காலிக எண்ணைக் கொடுத்து, முடிந்ததும் செல்லாததாக்குங்கள். மிச்சப் பணம் தானாகத் திரும்பிப் போக வேண்டும். கியூஆரைக் கண்ணாடிக்குப் பின்னால் வையுங்கள், மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று தினமும் காலையில் தடவிப் பாருங்கள்.

கட்டிய பணம் தீர்ந்ததும் சர்வர் நிறுத்த வேண்டும். சார்ஜர் நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டரைச் சொல்வதாக வைத்தால், 7.4 கிலோவாட்டில் அந்த இடைவெளிக்குள் 0.12 யூனிட் கூடுதலாக ஏறலாம். அந்த அளவு மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

படி 4: பில் கணக்கு

சார்ஜ் தொடங்கும்போது ஒரு மீட்டர் அளவு, முடியும்போது இன்னொன்று, இரண்டும் வாட்-மணியில் வரும். ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட். எங்கள் நோட்டிலிருந்து ஒரு ஆட்டோவின் கணக்கு:

தொடக்கம் 4,18,200. முடிவு 4,21,650. வித்தியாசம் 3,450, அதாவது 3.45 யூனிட். யூனிட் 15 ரூபாய் என்றால் 5,175 பைசா. மத்திய, மாநில ஜிஎஸ்டி 9 சதவீதம் வீதம் தலா 466 பைசா. மொத்தம் 61 ரூபாய் 7 பைசா.

பைசாவில் முழு எண்ணாகவே கணக்குப் போடுங்கள். ரூபாயில் தசமப் புள்ளியோடு போட்டால் மாதக் கடைசியில் சில்லறை உதைக்கும். யூனிட் விலையை மாற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் சார்ஜுக்குப் பழைய விலையே இருக்கட்டும்.

படி 5: கரண்ட் போனால், நெட் போனால்

போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி கரண்டும் போய், சர்வரோடு இருந்த தொடர்பும் போய்விட்டது. 'முடிந்தது' என்ற செய்தி வரவே இல்லை. காலையில் நான் அந்தக் கணக்கை, அப்போது மீட்டரில் இருந்த அளவைப் போட்டு மூடினேன். கரண்ட் வந்த பிறகு, நெட் இல்லாத நேரத்தில் இன்னொருவர் ஏற்றிய யூனிட்டும் அதில் சேர்ந்துவிட்டது. பாபநாசத்து ஆட்டோக்காரர் பில்லைப் பார்த்து, "தம்பி, என் பேட்டரியே இவ்வளவு பிடிக்காதே" என்றார். அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

அதன்பிறகு சர்வரில் ஒரு விதி சேர்த்தேன். ஒருவருடைய முடிவு மீட்டரும் அடுத்தவருடைய தொடக்க மீட்டரும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் வித்தியாசம் இருந்தால் இரண்டு பில்லும் வெளியே போகாமல் நிற்கும், நாங்கள் கண்ணால் பார்த்த பிறகே போகும்.

நெட் இல்லாதபோதும் மாதக் கணக்குக்காரர்கள் ஏற்ற வேண்டுமே, அதற்கு அவர்கள் கார்டு எண்களை மட்டும் சார்ஜருக்குள்ளேயே பட்டியலாக ஏற்றிவைக்கலாம். தெரியாத கார்டு அப்போது செல்லாது. செய்திகளை வரிசையில் வைத்து நெட் வந்ததும் சார்ஜர் அனுப்பும். சில சமயம் ஒரே செய்தி இரண்டு முறை வரும். ஒரு சார்ஜ் எண்ணுக்கு ஒரு பில்தான் என்று டேட்டாபேஸிலேயே பூட்டிவிடுங்கள்.

படி 6: திறக்கும் முன் சோதனை

ஒரு ஆட்டோவை மாட்டி, பாதியில் எம்சிபியை (சார்ஜருக்கான கரண்ட் சுவிட்சை) இறக்குங்கள். அப்புறம் ரௌட்டரை அணைத்து இன்னொரு முறை. தடுக்கப்பட்ட கார்டு ஒன்று, ஒரே கார்டை இரண்டு சார்ஜரிலும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மீட்டர் எண்ணைக் கையால் தாளில் எழுதி, சர்வர் சொல்வதோடு ஒப்பிடுங்கள். நாங்கள் மூன்று ராத்திரி இப்படிச் செய்து, தாளும் சர்வரும் ஒத்துப்போன பிறகுதான் வாசலில் போர்டு மாட்டினோம்.