டைனமோவைக் கழற்றும் முன் மீட்டரை எடுங்கள்

விசைப்படகில் பேட்டரி ஏறவில்லை என்றால் முதலில் பழி விழுவது டைனமோவின் மேல்தான். "அண்ணே, டைனமோ போய்விட்டது, வேறு ஒன்று மாட்டிவிடுங்கள்" என்றுதான் நாகப்பட்டினம் துறைமுகத்தில் என்னை அழைப்பார்கள். துறைமுகத்தில் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் தரும் கருவி, அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. அதிலிருந்து பேட்டரி வரை மின்சாரம் போகும் வழியைத்தான் உப்புக்காற்று முதலில் அரிக்கிறது. ஆகவே எதையும் கழற்றும் முன் அளந்து பாருங்கள். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்பேனர், உப்புத்தாள், டார்ச் ஆகியவை போதும். கீழே சொல்லும் வோல்ட் அளவுகள் 12 வோல்ட் படகுக்கு உரியவை. 24 வோல்ட் என்றால் இரட்டிப்பாக்கிக் கொள்ளுங்கள்.

எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6-க்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.9-க்குக் கீழே போனால் காலி. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, வேகத்தைச் சற்றுக் கூட்டி மறுபடி அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை காட்டினால் டைனமோ தன் வேலையைச் செய்கிறது. பேட்டரி வயதாகிவிட்டதா, இரவில் எதுவோ மின்சாரத்தை உறிஞ்சுகிறதா என்று தேடுங்கள். அளவு ஏறவே இல்லை என்றால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அப்போது பேட்டரி கொதிக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும். உடனே எஞ்சினை நிறுத்தி, எஞ்சின் அறையைத் திறந்து காற்றாட விடுங்கள். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடவே கூடாது.

எஞ்சினை நிறுத்திவிட்டு, டைனமோவைச் சுழற்றும் பெல்ட்டை இரண்டு புல்லிகளுக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அமுங்கலாம். பக்கவாட்டில் கண்ணாடி போலப் பளபளத்தாலும், சுற்றிலும் கரும்பொடி உதிர்ந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

இனி முக்கியமான சோதனை. எஞ்சின் ஓடட்டும், எல்லா விளக்குகளையும் போடுங்கள். மீட்டரின் சிவப்பு முனையை டைனமோவின் பாசிட்டிவ் போல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத் தலையிலேயே வையுங்கள், கிளாம்பில் வைக்காதீர்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. டைனமோவின் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவ் தலைக்கும் இடையே இதையே செய்யுங்கள், அங்கே 0.2-க்கு மேல் இருக்கக் கூடாது. குறை தெரிந்துவிட்டால் கறுப்பு முனையை இணைப்பு இணைப்பாக டைனமோவை நோக்கி நகர்த்துங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் அளவு சட்டென்று விழுகிறதோ, அதுதான் இடம்.

அக்கரைப்பேட்டைப் படகு ஒன்றில் இரண்டு முறை டைனமோ மாற்றியும் பேட்டரி ஏறவில்லை. டைனமோவில் 14.3, பேட்டரியில் 13.0. கேபிள் முனையில் இருந்த லக், அதாவது போல்ட்டில் மாட்டும் உலோக வளையம், வெளியே புதிது போல மின்னியது. அதன் கழுத்தில் சுற்றியிருந்த டேப்பை உரித்தபோது உள்ளே செம்புக் கம்பிகள் கறுத்துப் போயிருந்தன. நகத்தால் கீறியதும் பச்சைக் களிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. டேப் தண்ணீரைத் தடுக்காது, உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட கேபிளைச் செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டுங்கள். சில சமயம் ஒரு சாண் வரைகூட வெட்ட வேண்டியிருக்கும். வெள்ளீயம் பூசிய கேபிளாக வாங்கி, லக்கைக் கருவியால் நசுக்கி, மேலே சூட்டில் சுருங்கிப் பிடிக்கும், பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றும் வேலையை நான் எந்தப் படகிலும் ஏற்பதில்லை.

வழி சுத்தமாக இருந்தும் சார்ஜ் வரவில்லையா? எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். சார்ஜ் விளக்கு உள்ள படகில் அது சிவப்பாக எரிய வேண்டும். பல படகுகளில் அந்தச் சிறு பல்பு வழியாகத்தான் டைனமோவுக்கு முதல் மின்சாரம் போகிறது. பல்பு போனால் டைனமோ எழாமலே இருக்கக்கூடும். அதுவும் சரி என்றால் எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரியில் அளந்து பாருங்கள். 0.5-ஐத் தாண்டினால், டைனமோவுக்குள் ஏசியை டிசியாக மாற்றும் டையோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். இப்போது டைனமோவைக் கழற்றலாம்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைப் பிடுங்கிச் சோதிக்காதீர்கள். அந்தக் காலத்து அசல் டிசி டைனமோக்களில் அப்படிச் செய்து பார்ப்பார்கள். இப்போதுள்ள ஆல்டர்னேட்டரில் அந்த நொடியே மின்னழுத்தம் எகிறி டையோடும் ரெகுலேட்டரும் கருகக்கூடும். கூடவே ஜிபிஎஸ்ஸும் விஎச்எஃப் வயர்லெஸ்ஸும் போகலாம். கோடியக்கரைக்குத் தெற்கே இலங்கைக் கடல் எல்லைக் கோடு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இருட்டில் ஜிபிஎஸ் அணைந்தால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்ல ஆள் கிடையாது. அதனால்தான் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்கு ஒன்று, கருவிகளுக்கும் விளக்குகளுக்கும் ஒன்று என இரண்டு பேட்டரிகளைப் பிரித்து வைக்கச் சொல்கிறேன். செலவுதான், ஆனால் வலை, ஐஸ், டீசல் செலவுக்கு முன்னால் இது பெரிதில்லை.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கட்டிக் கிடக்கும்போது நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வையுங்கள். தட்டுகள் மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, மாதம் ஒரு முறை கரையில் சார்ஜ் ஏற்றுங்கள். ஏற்றி முடித்ததும், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் பேட்டரியின் ஒவ்வொரு அறையையும் பாருங்கள். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்து நின்றால் அந்தப் பேட்டரியைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.