ஜெர்மனியில் குறைந்த செலவில் முதுகலை: ஸ்காலர்ஷிப்பைத் தேடும் முன் கட்டணத்தைப் பாருங்கள்

போன மாதம் ஊரிலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் கடிதம் ஒன்றை அனுப்பினான். "அண்ணா, ஜெர்மனியில் ஸ்காலர்ஷிப்போடு அட்மிஷன் கிடைச்சிடுச்சு, 30 சதவீதம்!" திறந்து பார்த்தால் ஒரு தனியார் கல்லூரி. ஆண்டுக் கட்டணம் 15,000 யூரோ, 30 சதவீதம் கழித்தால் 10,500, இரண்டு ஆண்டுக்கு 21,000. இதற்குப் பெயர் ஸ்காலர்ஷிப் இல்லை, ஆடித் தள்ளுபடி. விலையை ஏற்றி எழுதி, அப்புறம் இறக்கிக் காட்டுவது. அந்த நாட்டின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது, செமஸ்டருக்கு நூறிலிருந்து முந்நூற்றைம்பது யூரோ வரை ஒரு தொகை கட்டினால் போதும், அதிலும் பல ஊர்களில் பஸ், ரயில் பாஸ் சேர்ந்தே வந்துவிடும்.

அதனால் உதவித்தொகை கொடுக்கும் கல்லூரியைத் தேடாதீர்கள். கட்டணம் வாங்காத இடத்தை முதலில் தேடுங்கள், சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உதவி எங்கே கிடைக்கும் என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம். இந்த வரிசை மாறினால் பணம் போய்விடும்.

தேட, ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி (DAAD) தளம் ஒன்றே போதும். நம் பசங்க வாயில் அது "டாட்". அங்கே ஆங்கிலவழிப் படிப்புகளைக் கட்டணம் இல்லாதவை என்று வடிகட்டியே பார்க்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க் எல்லாம் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் போட்டுவிட்டது, முதுகலைக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. இன்னும் "ஜெர்மனியில் எல்லாமே இலவசம்" என்று பழைய வீடியோவைப் பார்த்துக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர் பெயரில் மயங்காமல் கெம்னிட்ஸ், இல்மெனாவ், மாக்டபுர்க் மாதிரி சின்ன ஊர்களையும் பாருங்கள், மியூனிக்கில் ஒரு அறைக்குக் கொடுக்கும் வாடகையில் அங்கே வாடகையோடு சாப்பாட்டையும் முடித்துவிடலாம்.

சரி, கட்டணம் இல்லை, அப்படியானால் காசே வேண்டாமா? வேண்டும். விசாவுக்கு முன் பிளாக்டு அக்கவுண்ட் என்று ஒன்று திறந்து, முதல் ஆண்டுக்கான செலவுப் பணத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலும் பன்னிரண்டு லட்சத்தை ஒட்டி வரும். இந்தத் தொகை அவ்வப்போது ஏறும், அதனால் விண்ணப்பிக்கும் நேரத்தில் தூதரகப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் அப்பாவிடம் இதைச் சொல்லும்போது "பீஸ்" என்று சொல்லிவிடாதீர்கள், நான் அப்படிச் சொல்லி இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லை. அது யாருக்கும் கட்டும் பணம் இல்லை. உங்கள் பெயரிலேயே இருக்கும், அங்கே போய் இறங்கியதும் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். கல்விக்கடனில் இந்தத் தொகையைச் சேர்க்க முடியுமா என்று வங்கியில் முதல் நாளே கேளுங்கள். முழு உதவித்தொகை கிடைத்தவர்கள் அந்தக் கடிதத்தையே காட்டலாம். ஜெர்மனியில் சம்பாதிக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால், அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்று எழுதிக் கொடுக்கவும் வழி உண்டு.

அடுத்தது ஏபிஎஸ் (APS) சான்றிதழ், அதாவது உங்கள் இந்தியப் படிப்புச் சான்றிதழ்கள் உண்மையானவைதான் என்று சரிபார்த்துத் தருவது. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு இது இல்லாமல் விசா நகராது. கட்டணம் 18,000 ரூபாய். கல்லூரியைத் தேர்ந்தெடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால் கடைசித் தேதி போய்விடும், அதனால் விண்ணப்ப வேலையை இதில்தான் தொடங்க வேண்டும்.

உங்கள் மதிப்பெண் அங்கே எப்படிப் படிக்கப்படும் என்பதை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடலாம். அங்கே 1 தான் உச்சம், 4 வெறும் பாஸ். உச்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள், அதை உச்சத்துக்கும் பாஸுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். சிஜிபிஏ 7.8, பாஸ் 5 என்றால்: 2.2-ஐ 5-ஆல் வகுத்தால் 0.44, மூன்று மடங்கு 1.32, ஒன்று கூட்டினால் 2.32. பல படிப்புகள் 2.5-க்குள் கேட்கும், ஆக இவருக்கு வாய்ப்பு உண்டு. 3-ஐத் தாண்டினால் பெயர்பெற்ற இடங்களுக்குப் போட்டுப் பணத்தை வீணாக்காதீர்கள். ஏனென்றால் பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் (uni-assist) வழியாகப் போடும் விண்ணப்பத்தில் முதலாவதுக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. பத்து இடத்துக்குப் போட்டால் 345 யூரோ. தங்கள் தளத்திலேயே நேராக விண்ணப்பம் வாங்கும் பல்கலைக்கழகங்களும் நிறைய உண்டு, பட்டியலில் அவற்றைப் பாதியாவது வையுங்கள்.

இப்போது உதவிக்கு வருவோம். டிஏஏடி உதவித்தொகை மாதம் 992 யூரோ, காப்பீடும் பயணப்படியும் தனி. ஆனால் வளரும் நாடுகளின் முன்னேற்றம் சார்ந்த முதுகலைப் படிப்புகளுக்கான அதன் திட்டத்தில் சேர, இளநிலை முடித்து குறைந்தது இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், பட்டம் வாங்கி ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. கல்லூரியிலிருந்து நேராகப் போகிறவர்கள் இதை நம்பி உட்கார வேண்டாம். வேலையில் இருப்பவர்கள் விடவே வேண்டாம்.

நம் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரிவதே இல்லை. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம், ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. குடும்ப வருமான வரம்பு உண்டு, அதனால் வருமானச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ஆதிதிராவிடர் உள்ளிட்ட சில பிரிவினருக்கான மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடம்தான்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகு கிடைப்பதுதான் நிறையப் பேரைக் கரை சேர்த்தது. டாய்ச்லாண்ட்ஸ்டிப்பெண்டியம் மாதம் 300 யூரோ, பாதி அரசு, பாதி தனியார் நன்கொடை, எந்த நாட்டு மாணவரும் போடலாம். முதல் செமஸ்டர் மதிப்பெண் வந்ததும் போடுங்கள். படிப்பின் கடைசியில் கைக்காசு தீர்ந்துவிட்டால் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள், படிப்பை முடிக்க என்றே சின்ன உதவித்தொகைகள் அவர்களிடம் இருப்பதுண்டு. கேட்காதவருக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

வேலை என்றால், 2024 மார்ச்சிலிருந்து ஆண்டுக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் செய்யலாம். ஹிவி என்று சொல்லும் பல்கலைக்கழக உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் சேராது. 2025-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது. ஆனால் முதல் செமஸ்டரில் இதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள், ஜெர்மன் மொழி ஓரளவாவது தெரியாமல் நல்ல வேலை கிடைப்பது கஷ்டம். ஊரிலேயே ஜெர்மன் மொழியில் ஏ2 (இரண்டாவது நிலை) வரை படித்துவிட்டுப் போங்கள்.

கன்சல்டன்சி? "சேவைக் கட்டணம் இல்லை" என்று சொல்லும் இடத்தில், அவர்களுக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அட்மிஷனுக்குக் கமிஷன் கொடுப்பது பெரும்பாலும் தனியார் கல்லூரிகள். அதனால்தான் அந்தத் தம்பியின் பட்டியலில் ஒரு அரசுப் பல்கலைக்கழகம்கூட இல்லை. முன்பணம் கட்டவில்லை, தப்பித்தான். இப்போது ஏபிஎஸ்ஸுக்குப் போட்டிருக்கிறான். அட்மிஷன் கடிதம் வந்த அன்றைக்கே, விசாவுக்குக் காத்திருக்காமல், மாணவர் விடுதிக்கும் போட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். அந்த வரிசை அவ்வளவு நீளம்.